கடல் பக்கத்து ஜன்னல்

அக்கா,

உன் தையல் மிஷினின் இழுப்பறையை இன்று காலை இழுத்துத் திறந்தேன். சவுக்கு விறகுப் புகை வாசனை வந்தது. பரங்கிப்பேட்டையில் மூன்று வருடம் பூட்டிய வீட்டில் கிடந்து, பிறகு ஒரு சின்ன லாரியில் புவனகிரி, சேத்தியாத்தோப்பு, வடலூர் என்று குலுங்கி நெய்வேலிக்கு வந்து சேர்ந்த பிறகும் அந்த வாசனை போகவில்லை. உள்ளே நான்கு பாபின், உடைந்த சாக்குக்கட்டி, முனை கிழிந்த உன் அளவு டேப், ரவிக்கைத் துணியில் சுற்றிய வெப்பமானி. எல்லாவற்றுக்கும் அடியில், நான் வாங்கிக் கொடுத்த எண்பது பக்க நோட்டு.

வெப்பமானியின் மரப்பலகை நான் கொடுத்தபோது வெளிர் மஞ்சளாக இருந்தது. இப்போது ஒரு பக்கம் முழுக்கக் கரி படிந்திருக்கிறது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தவனுக்குக் கரியைத் தொட்டாலே எந்தக் கரி என்று தெரியும். தினமும் காலையில் இங்கே ஜன்னல் கட்டையை ஈரத்துணியால் துடைக்கும்போது வருகிற நிலக்கரித் தூள் வேறு. இது அடுப்புக் கரி. கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்தது.

மிஷினை நான் கேட்கவில்லை. என் மகள்தான் கொண்டுவரச் சொன்னாள். நான் இப்போது அவளோடு, மருமகனுக்கு அலாட் ஆன குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். உனக்குத் தெரிந்த வீடுதான், வாசலில் வேப்பமரம் இருக்கும். "அத்தை மிஷின் சும்மா துருப்பிடிச்சிக் கெடக்குது, கொண்டாந்து எண்ணெய் போட்டா ஓடும்பா" என்றாள். ஓடுகிறது. நான்தான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாகத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். திறந்தபின் உனக்கு இதை எழுதத் தோன்றியது. ஒழுங்காகத் தொடங்கி ஒழுங்காக முடிக்க முடியுமா என்று தெரியவில்லை. இந்த விஷயத்தில் நான் ஒழுங்காகச் செய்தது எதுவும் சரியாக வரவில்லை.

தானே புயல் அடித்த மூன்றாம் நாள்தான் உன்னிடம் வந்து சேர முடிந்தது. இங்கே டவுன்ஷிப்பில் மரங்கள் சாலை முழுக்கக் கிடந்தன. சேத்தியாத்தோப்புக்கு அப்பால் பஸ் கிடையாது. கிடைத்த வண்டியில் ஏறி, மீதியை நடந்து வந்தேன். வந்து பார்த்தால் அப்பா கட்டிய முன்கட்டில் ஒரு ஓடு மிச்சமில்லை. விட்டம் முறிந்து கூடத்தில் கிடந்தது. பின்கட்டு மட்டும் தப்பியிருந்தது; நாட்டு ஓடு வேய்ந்த அந்தத் தாழ்ந்த சமையலறையில், சுவருக்குப் பதிலாக அடித்த மரச் சட்டங்களுக்கு இடையே காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நீ அடுப்பின் முன் உட்கார்ந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாய்.

"வாடா இஞ்சினீரு. வூட்டப் பாத்தியா? கூரைய எடுத்துகினு போயிட்டான். எனக்கு இனிமே வெளக்கு வேணாம், நெலா வெளிச்சமே போதும்" என்றாய்.

நான் அழுதுவிட்டேன். நீ சிரித்தாய். அன்றைக்கே நான் மனதுக்குள் தீர்மானம் செய்துவிட்டேன். நீ இனி ஒழுகாத, துருப்பிடிக்காத, வேர்க்காத வீட்டில் இருக்க வேண்டும். அதை நான் கட்டித் தருவேன்.

என் சுபாவம் உனக்குத் தெரியும். கடையில் தவறான சாமானைக் கொடுத்தால்கூடத் திருப்பிக் கேட்கத் தயங்குகிறவன். முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த இடத்தில் ஒருவரிடமும் குரல் உயர்த்தியதில்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும் என்று நம்பியிருந்தேன்: வெப்பம். மின் நிலையத்தில் நீராவி ஓடும் குழாய்களுக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றி, மேலே அலுமினியத் தகடு போர்த்துகிற பிரிவில்தான் என் காலம் முழுக்கப் போயிற்று. லேகிங் என்போம். உள்ளே இருக்கிற சூடு வெளியே போகக் கூடாது. ஒரு விரல் அகல இடைவெளி இருந்தாலும் அதை எழுதி வைத்து அடைக்க வேண்டும். அதையே திருப்பிப் போட்டால் வீடு, வெளிச் சூடு உள்ளே வரக் கூடாது என்று நினைத்தேன்.

பொங்கல் முடிந்ததும், பழைய முன்கட்டு இருந்த இடத்தில் புதிதாகக் கட்ட வரைபடம் போட உட்கார்ந்தேன். மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லில் இரட்டைச் சுவர், நடுவே இடைவெளி. கூரையின் மேல் வெயிலைத் திருப்பிவிடும் வெள்ளை டைல்ஸ். அதிக மின்சாரம் இழுக்காத ஏசி, படுக்கும் அறைக்கு மட்டும். கதவு விளிம்பில் ரப்பர் பட்டை. உப்புக் காற்று உன் மிஷினையும் டிவியையும் இரும்புப் பெட்டியையும் எப்படித் தின்றது என்று பார்த்திருந்ததால், கடல் பக்கச் சுவரில் வெளிச்சத்துக்கு மட்டும் இரண்டு ஒடுக்கமான கண்ணாடிகள், திறக்க முடியாதவை. மின்தடைக்கு ஒரு இன்வெர்ட்டர். மின்தடை எத்தனை நேரம் என்று ஒரு கட்டம் போட்டு, ஒரு மணி நேரம் என்று எழுதினேன். பிறகு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று அதை இரண்டு மணி என்று திருத்தினேன். அந்தத் திருத்தத்துக்காக அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது.

கொளஞ்சி மேஸ்திரி அந்தத் தாளை வெகு நேரம் பார்த்தார். நம் ஊர்க்காரர், கடற்கரையில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. தாளைத் தலைகீழாகவும் ஒருமுறை பிடித்துப் பார்த்தார்.

"சார், கோச்சுக்காதீங்க. இது கடலுங்களா?"

"ஆமாம்."

"கடல் பக்கம் ஜன்னலே காணோங்களே. காத்து வர்ற பக்கத்த அடச்சிட்டா வூடு எப்படிங்க மூச்சு வுடும்? கோயில் கருவறையிலகூட சாமிக்கு ஒரு வாசப்படி உண்டுங்க."

நீ பின்னால் நின்று சிரித்தாய். நான் என் பையிலிருந்து இரண்டு பக்கக் கணக்கை எடுத்து அவருக்கு விளக்கினேன். வெளியே எத்தனை டிகிரி, சுவர் வழியே எவ்வளவு வரும், கூரை வழியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு நிற்கும். என் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. அப்படிப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. பிடித்திருந்தது என்றும் சொல்ல வேண்டும்.

"கணக்கு சரியாத்தாங்க இருக்கும்" என்றார் கொளஞ்சி. "எனக்குக் கணக்கு வராதுங்க."

நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "அவன் சொல்றபடியே கட்டுங்க மேஸ்திரி. எப்பவும் வாயத் தொறக்காதவன், இன்னிக்குத்தான் தொறந்திருக்கான்" என்றாய். பின்கட்டை இடிப்பதற்கு மட்டும் நீ சம்மதிக்கவில்லை. "அது ஒரு ஓரமா கெடக்கட்டும்டா. உன் கணக்குல அது வரவே வேணாம்." சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஆவணியில் பால் காய்ச்சினோம். பால் பொங்கிய அன்று உன் கையில் வெப்பமானியையும் நோட்டையும் கொடுத்தேன். நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தேன்: தேதி, காலை, மத்தியானம், இரவு, குறிப்பு. வெப்பமானியை எங்கே மாட்டுவது என்று கேட்டாய். "நீ எந்த இடத்தில் அதிகம் இருக்கிறாயோ அங்கே மாட்டு" என்றேன். அளவு எடுப்பதில் அதுதான் முறை.

அதன்பின் ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி. உனக்கு நினைவிருக்கும்.

"திங்கள்?"

"காலைல இருவத்தேழு. மத்தியானம் முப்பத்தொண்ணு. ராத்திரி இருவத்தெட்டு."

"குறிப்பு?"

"குறிப்பு என்னாடா குறிப்பு. சங்கரா மீனு வாங்குனேன், கொழம்பு வெச்சேன். எழுதிக்கிறியா?"

"வேண்டாம். செவ்வாய்?"

ஒரு வாரம் முழுக்க நீ சொல்ல நான் எழுதுவேன். நான் போட்ட கணக்குக்கும் நீ சொன்ன எண்ணுக்கும் ஒரு டிகிரிதான் வித்தியாசம். வேலையில் இருந்த காலத்தில்கூட எந்தக் கணக்கும் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. வரைபடத்தாளில் மூன்று நிறத்தில் கோடு போட்டு மேஜைக்கு மேலே ஒட்டி வைத்தேன். சாயங்காலம் பார்க்கில் நடக்க வரும் பழைய ஆட்களை வீட்டுக்கு அழைத்துக் காட்டினேன். நானா அழைத்தேன் என்று இப்போது கூச்சமாக இருக்கிறது. ஒருவர், தன் மகன் வீடு கட்டும்போது இதே மாதிரி செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம் என்றேன்.

நான் வருவதாகச் சொன்னால், "ஞாயித்துக்கெழம வாடா. மத்த நாள் எனக்குத் தச்சுக் குடுக்க வேண்டிய துணி இருக்கு" என்பாய். ஞாயிற்றுக்கிழமை வருவேன். முன்கட்டில் பாய் விரித்து, ஏசி போட்டு, மோர் வைத்திருப்பாய். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அதுக்கென்னா, ஜம்முனு இருக்குது" என்பாய். நான் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

அடுத்த மே மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். புதன்கிழமை. சாப்பாடு முடிந்து வந்தபோது பரங்கிப்பேட்டை பஸ் நின்றுகொண்டிருந்தது. சொல்லாமல் போய் உன்னை ஆச்சரியப்படுத்தலாம் என்று ஏறினேன். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். முன்வாசல் பூட்டியிருந்தது. நீ எங்கோ வெளியே போயிருக்கிறாய் என்று நினைத்துப் படியில் நின்றேன். பக்கத்து வீட்டு ஜமீலாம்மா துணி எடுக்க வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார்.

"என்னாங்கண்ணே வாசல்ல நிக்கிறீங்க? கொல்லப்பக்கமா போங்க. அக்கா அங்கதான் இருக்கும்."

"முன்பக்கம் பூட்டியிருக்கே?"

"அது எப்ப தொறந்துச்சு? நீங்க வந்தாத்தானே தொறக்கும். அக்கா அதுல படுத்து ஆறு மாசத்துக்கு மேல ஆவுது." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்தது. துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பின்பக்கம் வந்தேன். நீ மிஷினை மரச்சட்டத்தின் ஓரம் போட்டு உட்கார்ந்திருந்தாய். கால் மிதித்துக்கொண்டிருந்தது. காற்று உன் கையிலிருந்த துணியைத் தூக்கித் தூக்கி அடித்தது. சுருட்டிய பாய் ஒரு மூலையில். தூணில், அடுப்புக்கு இரண்டடி தள்ளி, என் வெப்பமானி தொங்கியது. முப்பத்து மூன்று காட்டியது.

நீ என்னைப் பார்த்ததும் கால் நின்றது. "இன்னிக்குப் புதன்கெழமடா" என்றாய், நான்தான் தப்புச் செய்த மாதிரி.

சாவியை வாங்கிக்கொண்டு முன்கட்டைத் திறந்தேன். உள்ளே போனதும் பழைய நினைவு வந்தது. பராமரிப்புக்காகப் பாய்லரை நிறுத்தி இரண்டு நாள் ஆனபின் அதற்குள் நுழைவோம், அந்த மாதிரிக் காற்று. சூடு என்பதைவிட அசையாமல் நின்றது என்று சொல்ல வேண்டும். விளக்கைப் போட்டேன், எரியவில்லை. இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் மினுக்கியது. என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதன் சத்தம் உள்ளே கேட்கவே இல்லை.

நீ வாசலில் வந்து நின்றாய்.

"எவ்வளவு நேரமாகக் கரண்ட் இல்லை?"

"காலைல பத்து மணிக்குப் போச்சு. அஞ்சு மணிக்கு வரும். அப்பறம் ராத்திரிக்குப் போவும்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கெழம அவ்வளவாப் போவாது."

"எனக்கு ஏன் சொல்லவில்லை?"

"உனக்கு எப்படிடா தெரியும்? உங்க ஊர்லதான் கரண்ட்டு போவவே போவாதே" என்றாய். கோபமில்லாமல்தான் சொன்னாய்.

அக்கா, அந்த வாக்கியத்தை நான் பிறகு பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். மின்வெட்டைப் பற்றிப் பேப்பரில் தினமும் படித்தேன். எத்தனை மணி நேரம் என்றுகூடப் படித்தேன். ஆனால் படித்தது எதுவும் என் உடம்புக்கு எட்டவில்லை. மின்சாரம் செய்கிற ஊரில் இருக்கிறவனுக்கு அது குழாயில் வரும் தண்ணீர்கூட இல்லை, மேலே இருக்கிற வானம் மாதிரி. புயலின்போது இங்கும் போனதே என்றால், அது புயல், கணக்கில் வராது என்று ஒதுக்கினேன். மின்சாரம் ஓடினால் மட்டும் மூச்சுவிடுகிற ஒரு வீட்டை, மின்சாரம் இல்லாத ஊரில் கட்டி உன்னை அதற்குள் வைத்தேன்.

"அப்படியென்றால் நீ சொன்ன அளவெல்லாம்..." என்று கேட்டேன்.

"பொய்யின்னு மட்டும் சொல்லிடாத. ஒண்ணுகூட பொய் இல்ல. நீ என்னா சொன்ன? எந்த எடத்துல அதிகமா இருக்கியோ அங்க மாட்டுன்னு சொன்ன. நான் இருக்கற எடத்துலதான் மாட்டிகினு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை. என் மேஜைக்கு மேலே மூன்று நிறத்தில் ஒட்டி வைத்திருந்தது அப்பா போட்ட நாட்டு ஓட்டின் புள்ளிவிவரம். நான் இடிக்க நினைத்த பின்கட்டுதான் என் கணக்குக்கு அத்தனை பக்கத்தில் வந்திருந்தது.

"உள்ள இருந்தா ஃபிளாஸ்க்குல ஊத்தி வெச்ச காப்பி மாதிரி ஆயிடறேன்டா" என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வுடு. ஒரு ஜன்னல் போட்டா தீந்துச்சு. கடல் பக்கம் ஒண்ணு ஒடச்சா, கொல்லப்பக்கம் கதவு இருக்குது, காத்து பூந்து பொறப்புட்டுப் போயிடும். கொளஞ்சிகிட்ட சொன்னா சுத்தியல எடுத்துகினு வந்துடுவாரு. அர நாள் வேலை."

அரை நாள் வேலை. நான் அதற்கு ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டேன்.

எதனால் என்று இப்போதும் எனக்கு நானே சரியாகச் சொல்ல முடியவில்லை. சோம்பல் கிடையாது. தினமும் உட்கார்ந்தேன். இரட்டைச் சுவரில் துளை போட்டால் மேலே உத்தரம் எவ்வளவு நீளம், இடைவெளியில் ஈரம் இறங்காமல் எப்படி, ஜன்னல் எத்தனை உயரத்தில், ஒன்றா இரண்டா, காற்று எந்த மாதம் எந்தத் திசை. மூன்று வரைபடம் போட்டு மூன்றையும் கிழித்தேன். ஒரு தடவை நிச்சயமாகச் சொல்லித் தவறிப்போன ஆள் இரண்டாவது தடவை நிச்சயமாகச் சொல்ல மாட்டான். தென்மேற்குக் காற்று முடியட்டும் என்றேன். மழைக்காலத்தில் சுவரை உடைக்கக் கூடாது என்றேன். இன்னும் ஒரு பருவத்து அளவு வேண்டும் என்று உன்னிடமே சொன்னேன்.

ஞாயிறு காலை எண்களைச் சொல்லி முடித்ததும் நீ கேட்பாய்: "வரஞ்சிட்டியாடா?"

"இன்னும் கொஞ்சம்."

"சரி, நெதானமா வரை. நான் எங்க போறேன்."

மாசியில் ஒரு விடியற்காலை, பின்கட்டில், அடுப்பு மூட்ட உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாய். ஜமீலாம்மாதான் பார்த்திருக்கிறார். இதயம் என்றார் டாக்டர். வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் அவரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்து, வயசுதாங்க, வேறொன்றும் இல்லை என்றார். மாசி மாதக் காலையில் குளிர்தான் இருந்திருக்கும். நம்புகிறேன். ஆனாலும் நான் கட்டிய வீட்டில் நீ மறுபடி படுத்தது, கடைசியாக உன்னைக் கிடத்தியபோதுதான். அன்றைக்குப் பகல் முழுக்கக் கரண்ட் இருந்தது. யாரோ ஏசியைப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள், வீடு எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அதன்பிறகு பூட்டினேன். வருடம் இரண்டு முறை போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். விற்றுவிடலாம் என்கிறாள் மகள்.

இன்று நோட்டைப் பிரித்தேன். உன் கையெழுத்து, ஒரு நாள் விடாமல். நீ தொலைபேசியில் சொன்ன எண்கள்தான், ஒன்றுகூட மாறவில்லை. நான் பார்த்திராதது கடைசிப் பத்தி, குறிப்பு. முதல் ஒன்பது நாள் "முன்கட்டு" என்று எழுதியிருக்கிறாய். பத்தாம் நாளிலிருந்து ஒவ்வொரு வரியிலும், ஒவ்வொரு நாளும், "பின்கட்டு". மேலே உள்ளதே என்று புள்ளி வைத்துக்கூட விடவில்லை. ஞாயிறுதோறும் குறிப்பு உண்டா என்று நான் கேட்டேன். நீ மீன் பேரைச் சொன்னாய். நான் வேண்டாம் என்றேன். நோட்டை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்திருந்தால் போதும். அந்தப் புதன்கிழமை வரியில் மட்டும், நான் போனபின் வெப்பமானியை முன்கட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து எழுதியது கூடுதலாக இருந்தது: "தம்பி வந்தான். முன்கட்டு 36. பாவம், வேர்த்துக்கினான்."

கடைசித் தாளைத் திருப்பினேன். ஒரு ஜன்னல் வரைந்திருந்தாய். ரவிக்கைக்கு அளவு குறிக்கிற மாதிரியே, நாலு கோடு, இரண்டு பக்கமும் அம்புக்குறி. அகலம் நாற்பத்தெட்டு, உயரம் முப்பத்தாறு. தரையிலிருந்து முப்பது. அடியில், "கடல் பக்கம், எடது கண்ணாடிய எடுத்துட்டு." ஓரத்தில், "மடிப்புக்கு அரை இஞ்சி."

அந்த அரை இஞ்சியில்தான் எனக்கு முடியாமல் போயிற்று. மகள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய் மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனாள்.

சற்றுத் தெளிந்ததும் என் பழைய புத்தி வேலை செய்தது. உன் டேப்பின் முதல் இஞ்சி கிழிந்து போனது. நீ எப்போதும் ஒன்றிலிருந்து வைத்து அளந்து, ஒன்றைக் கழித்துச் சொல்வாய். இந்த நாற்பத்தெட்டு கழித்த பிறகா, கழிக்கும் முன்பா? எடுத்து வைத்து யோசித்தேன். யோசித்தால் மறுபடி ஒன்பது மாதம் ஆகும் என்று பயம் வந்தது. கொளஞ்சிக்குத் தொலைபேசி செய்தேன். இப்போது அவர் சாரம் ஏறுவதில்லையாம், மகன்தான் வேலை பார்க்கிறானாம். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஜன்னலுங்களா? அளவு எங்கிட்டயே இருக்குதே சார்."

"உங்களிடமா?"

"அக்கா அப்பவே குடுத்துட்டாங்க. நீங்க கல்யாணத்துக்கு வந்துட்டுப் போன மறு வாரமே. நாப்பத்தெட்டுக்கு முப்பத்தாறு. சட்டம்கூட செஞ்சி வெச்சேங்க, வேப்பமரத்துல. நம்ம கொட்டாயிலதான் கெடக்குது."

"பிறகு ஏன் வைக்கவில்லை?"

"நான் கேட்டேங்க. இது உங்க வூடுதானக்கா, ஒரு மத்தியானத்துல முடிச்சிடறேன்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க. 'அவன் சொல்லட்டும் மேஸ்திரி. அவன் வாயால ஒடைன்னு சொன்னா ஒடைங்க. அது வரைக்கும் கை வெக்காதீங்க'ன்னு சொல்லிட்டாங்க. மாசா மாசம் நான் கேப்பேன். வரஞ்சிகினு இருக்கான், வரஞ்சிகினு இருக்கான்னு சொல்லுவாங்க."

வேப்பமரச் சட்டம் தயாராக இருந்தது. அரை நாள் வேலை. உனக்கு என் அனுமதி எதற்கு? அப்பாவின் வீட்டில் என்னைவிட உனக்குத்தான் உரிமை அதிகம். உடைத்துவிட்டு, "ஒடச்சிட்டேன்டா" என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? சரி என்றிருப்பேன். எல்லாவற்றுக்கும் அதைத்தானே சொல்கிறேன். அது உனக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் உடைக்கவில்லை போலிருக்கிறது.

"சார், இருக்கீங்களா?" என்றார் கொளஞ்சி.

"இருக்கிறேன். மேஸ்திரி, ஒரு சந்தேகம். அந்த நாற்பத்தெட்டு, டேப் கிழிந்திருக்கும், ஒரு இஞ்சி கூடக் குறைய இருந்தால்..."

"காத்துக்கு ஏதுங்க சார் இஞ்சி கணக்கு? சொல்லுங்க. ஒடைக்கட்டுங்களா?"

என் கை நோட்டின் மேல் இருந்தது. இங்கே தலைக்கு மேல் மின்விசிறி நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் புயலைத் தவிர இந்த ஊரில் அது நின்றதே இல்லை.

"உடைங்க" என்றேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியாமல் இன்னொரு தடவையும் சொன்னேன்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் வருகிறேன், அக்கா. நாளை புதன்கிழமை. முன்கட்டில் யார் இருக்கப் போகிறார்கள் என்று மகள் கேட்டாள். வெப்பமானியை ரவிக்கைத் துணியில் பழையபடி சுற்றி இழுப்பறையிலேயே வைத்துவிட்டேன். டேப்பை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.